சொசைட்டியில் போட்ட பணத்துக்கு 5 லட்சம் காப்பீடு உண்டா?

கேள்வி: மாமியார் பெயரில் எங்கள் ஊர் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு கடன் சங்கத்தில் 8 லட்சம் ரூபாய் டெபாசிட் இருக்கிறது. நிலம் விற்ற பணம். "சட்டசபையில புதுச் சட்டம் வருதுங்க, இனி சொசைட்டிப் பணத்துக்கும் அஞ்சு லட்சம் இன்சூரன்ஸ்" என்கிறார் சங்கத்தில் வேலை பார்ப்பவர். இன்னொருவர் வீட்டுக்கே வந்து, "மத்திய அரசில் பதிவான சொசைட்டி, 12 சதவீத வட்டி, அதில் மாற்றிப் போடுங்கள்" என்கிறார். முதிர்வுக்கு நான்கு மாதம் இருக்கிறது. என்ன செய்யலாம்?
– கோபிசெட்டிபாளையம் பக்கத்து வாசகி

பதில்: வீட்டுக்கு வந்தவரை முதலில் வாசலோடு அனுப்பிவிடுங்கள் அம்மா. மற்றதை நிதானமாகப் பேசலாம்.

உங்கள் மாமியார் பணத்துக்கு இப்போது 5 லட்சம் காப்பீடு கிடையாது. சட்டமன்றம் நினைத்தாலும் அந்தக் காப்பீட்டைக் கொடுக்க முடியாது. கூட்டுறவுச் சங்கம் மாநிலப் பட்டியலில், அதாவது மாநிலம் சட்டம் போடும் விஷயங்களில் இருக்கிறது. வங்கித் தொழில் மத்தியப் பட்டியலில் இருக்கிறது. வங்கி மூழ்கினால் டெபாசிட் போட்டவருக்கு 5 லட்சம் வரை கிடைக்கும் அந்தக் காப்பீட்டைத் தருவது ரிசர்வ் வங்கியின் துணை நிறுவனமான டி.ஐ.சி.ஜி.சி.; அது 1961-இல் நாடாளுமன்றம் போட்ட சட்டத்தின்படி நடக்கிறது. அதில் சேர்க்க வேண்டுமென்றால் டெல்லியில்தான் சேர்க்க வேண்டும்.

இந்தக் குழப்பம் எங்கிருந்து கிளம்பியது என்று எனக்குத் தெரியும். 2020-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்தைத் திருத்தினார்கள். "கூட்டுறவு வங்கிகள் எல்லாம் இனி ரிசர்வ் வங்கி பிடியில்" என்று செய்தி வந்தது. நகரக் கூட்டுறவு வங்கிக்கும் மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக்கும் அது சரி. உங்கள் ஊர்ச் சங்கம் போன்ற தொடக்கச் சங்கங்களை அந்தத் திருத்தமே வெளியில் நிறுத்திவிட்டது. பெயரில் 'வங்கி' என்ற சொல் இருக்கக் கூடாது என்பது அதற்கு நிபந்தனை. ஆனால் நம் ஊர்களில் ஒரு காலத்தில் 'தொடக்க வேளாண்மைக் கூட்டுறவு வங்கி' என்றே போர்டு எழுதிவைத்தோம். போர்டு மாறினாலும் 'சொசைட்டி பேங்க்' என்ற பேச்சு மாறவில்லை. 2021 நவம்பரில் ரிசர்வ் வங்கியே, சில சங்கங்கள் பெயரில் 'பேங்க்' வைத்துக்கொண்டு டெபாசிட் வாங்குகின்றன, அவற்றுக்குக் காப்பீடு இல்லை என்று எச்சரித்தது. அந்த அறிவிப்பை எந்தச் சங்கத்துச் சுவரிலும் நான் பார்த்ததில்லை. அதே ஆண்டு கேரளத்தில், திருச்சூர் பக்கத்துக் கருவன்னூர் கூட்டுறவுச் சங்கத்தில் பெரிய முறைகேட்டுப் புகார் வெடித்தது. அங்கும் பெயரில் 'பேங்க்' இருந்தது. டெபாசிட் போட்டவர்கள் தங்கள் பணத்துக்கே நடையாய் நடந்தார்கள்.

'சட்டம் வருது' என்ற பேச்சைப் பற்றியும் ஒரு வார்த்தை. சட்டமன்றத்தில் அறிமுகமாவது சட்டமுன்வடிவு. அது நிறைவேற வேண்டும், ஆளுநர் ஒப்புதல் வேண்டும், அரசிதழில் வர வேண்டும், எந்த நாள் முதல் நடப்புக்கு வருகிறது என்று தனியாக அறிவிக்க வேண்டும், பிறகு விதிகள் எழுத வேண்டும். நம் சங்கங்களை ஆளும் தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ஆம் ஆண்டுச் சட்டம். நடைமுறைக்கு வந்த நாள் 1988 ஏப்ரல் 13. ஐந்து வருடம்! எழுதிமுடித்த சட்டத்துக்கே அந்தக் கதி. சட்டமன்றத்தில் விதி 110-இன் கீழ் கடன் தள்ளுபடி அறிவிப்பு வந்ததுமே "பட்டியலில் உங்கள் பெயரைச் சேர்க்கிறேன், ஆயிரம் ரூபாய் கொடுங்கள்" என்று கிளம்பும் ஆட்களை ஒவ்வொரு தள்ளுபடியின்போதும் பார்த்திருக்கிறேன். பட்டியல் சங்கப் பேரேட்டிலிருந்து வருகிறது. அந்த ஆளின் சட்டைப் பையிலிருந்து வருவதில்லை.

இனி அந்த 12 சதவீதக்காரர். 'மத்திய அரசில் பதிவு' என்றால் பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் டெல்லியில் இருக்கும் மத்தியப் பதிவாளரிடம் பதிவு, அவ்வளவுதான். மத்திய அரசு உத்தரவாதம் என்று அதற்கு அர்த்தமில்லை. ஏதாவது நடந்தால் ஈரோட்டில் இருக்கும் கூட்டுறவு அதிகாரியிடம் போய் நிற்கவும் முடியாது. இப்படிப் பதிவான சகாரா குழுமத்துச் சங்கங்களில் போட்டு மாட்டிக்கொண்டவர்களுக்காக உச்ச நீதிமன்றம் தலையிட்டது; பணத்தைத் திருப்பிக் கேட்க 2023-இல் இணையதளம் திறந்தார்கள். முதலில் ஆளுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய்தான் கொடுத்தார்கள். ஏஜென்ட்டுக்குப் பணம் போட்ட அன்றே கமிஷன் வந்துவிடும். உங்களுக்கு எப்போது வரும் என்று அவரைக் கேளுங்கள்.

சரி, 8 லட்சத்தை என்ன செய்வது? பதறி இன்றே எடுக்க வேண்டாம். முன்முதிர்வில் வட்டி குறையும், நான்கு மாதம்தானே. முதிர்ந்ததும் ஒன்றிரண்டு லட்சத்தைச் சங்கத்திலேயே விடுங்கள். உறுப்பினராக இருந்தால்தான் பயிர்க்கடன். உரிய நாளில் கட்டினால் வட்டியில்லை. ஊர்ச் சங்கத்தோடு உறவை முறிக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மீதியை மாவட்ட மத்தியக் கூட்டுறவு வங்கிக் கிளையிலோ வேறு வங்கியிலோ அஞ்சலகத்திலோ போடலாம்.

வங்கியில் போடும்போது ஒரு கணக்கு இருக்கிறது. இதைக் கொஞ்சம் மெதுவாகப் படியுங்கள், வங்கி ஊழியர்களிலேயே பாதிப்பேருக்குத் தெரியாது. 5 லட்சம் என்பது அசலும் வட்டியும் சேர்ந்து. 4 லட்சத்து 80 ஆயிரம் போட்டு வட்டி 30 ஆயிரம் ஏறியிருந்தால், மேலே உள்ள 10 ஆயிரத்துக்குக் காப்பீடு இல்லை. கோபி கிளையில் ஒன்று, சத்தி கிளையில் ஒன்று என்று பிரித்தாலும் வங்கி ஒன்றென்றால் இரண்டையும் கூட்டிவிடுவார்கள். ஆனால் மாமியார் தனிப்பெயரில் ஒரு கணக்கு, மாமியாரும் மகனும் சேர்ந்து ஒரு கணக்கு என்றால் இரண்டுக்கும் தனித்தனி 5 லட்சம். இன்னும் வேடிக்கை, 'மாமியார், மகன்' என்ற வரிசையில் ஒன்றும் 'மகன், மாமியார்' என்ற வரிசையில் இன்னொன்றும் இருந்தால் அவையும் வேறு வேறு! அதே இரண்டு பேர், அதே வங்கி, பெயர் வரிசைதான் மாறியிருக்கிறது. வரிசை ஒன்றாக இருந்தால் பத்து ரசீது வைத்திருந்தாலும் கூட்டி ஒரே 5 லட்சம். யார் யோசித்த விதியோ, நமக்குச் சாதகமாக இருக்கிறது, பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கடைசியாக, சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்தே தலை நரைத்தவனின் புலம்பல் ஒன்று. ஒரு சங்கத்தில் மூதாட்டி ஒருவரின் பாஸ்புக்கில் வரவு அழகாக எழுதியிருந்தது. பேரேட்டில் அந்தத் தொகையே இல்லை. சங்க ஊழியரை "நம்ம தம்பிதானே" என்று நம்பி, பணத்தை வீட்டுத் திண்ணையிலேயே எண்ணிக் கொடுத்திருக்கிறார் அந்த அம்மா. அவருடைய பணத்துக்கு எந்தச் சட்டமன்றத்தில் எந்தச் சட்டம் வந்து என்ன?

ஆகவே நாளைக்கே ரசீதை எடுத்துக்கொண்டு சங்கத்துக்குப் போங்கள். பேரேட்டில் மாமியார் கணக்கைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ரசீது எண்ணும் தொகையும் தேதியும் ஒத்துப்போகின்றனவா என்று நீங்களே பாருங்கள். நியமனதாரர் (நாமினி) பெயர் காலியாக இருந்தால் அங்கேயே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். "அப்புறம் பார்த்துக்கலாங்க" என்பார்கள். உட்கார்ந்துவிடுங்கள்.