உங்கள் குழுவில் இன்னொருவர் இருக்கிறார்

கேள்வி: தஞ்சாவூர் மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். வயது 36. ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். எட்டு வருடமாக ரத்தக் கொடையாளர்களை ஒருங்கிணைத்து வருகிறேன். சுமார் 400 பேரின் பெயர், குரூப், கடைசியாகக் கொடுத்த தேதி எல்லாம் என் போனில் இருக்கிறது. பகல் ராத்திரி இல்லாமல் அழைப்பு வரும். நான் குளிக்கும்போதோ அசந்து தூங்கும்போதோ வந்தால், மனைவி எடுத்து எந்த குரூப், எந்த ஆஸ்பத்திரி என்று காலண்டர் தாளின் பின்னால் எழுதி வைத்துவிடுவாள். அதனால் ஓர் அழைப்பும் தவறியதில்லை. ஆனால் இப்போதெல்லாம் போன் மணி கேட்டாலே எரிச்சல் வருகிறது. போன வாரம் ஒரு நோயாளியின் மகனிடம் கத்திவிட்டேன். வேறு யாரிடமாவது ஒப்படைக்கலாம் என்றால், பொறுப்பாகச் செய்ய ஆள் இல்லை. சோர்வில்லாமல் இதைத் தொடர என்ன வழி?

பதில்: தம்பி, இந்தக் கடிதம் எனக்குப் பலமுறை வந்திருக்கிறது. வெள்ள நிவாரணத்துக்கு ஓடியவர்கள், மாலையில் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் எடுப்பவர்கள், அன்னதானத்தை ஒற்றை ஆளாக நடத்துபவர்கள் எல்லோரும் ‘எப்படித் தொடர்வது’ என்றுதான் கேட்கிறார்கள். அதற்கு நான் பிறகு வருகிறேன்.

உங்கள் கடிதத்தில் மனைவியைப் பற்றி ஒரு வாக்கியம் இருக்கிறது. நீங்கள் போகிற போக்கில் எழுதியது. என்னால் அதைத் தாண்டிப் போக முடியவில்லை. எட்டு வருடமாக நடுராத்திரி அழைப்பை எடுத்து, அழுகிற ஆளைச் சமாதானப்படுத்தி, விவரம் கேட்டு எழுதி வைப்பவர் அவர். அப்புறம் காலையில் எழுந்து வீட்டு வேலையையும் பார்க்கிறார். இதில் சேர விருப்பமா என்று அவரை எப்போதாவது கேட்டீர்களா? ஜூன் 14, அக்டோபர் 1 என்று ரத்ததான தினங்கள் வருகின்றன. மேடையில் உங்களுக்குச் சால்வை போட்டிருப்பார்கள். அவரையும் மேடைக்குக் கூப்பிட வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றியதா? நீங்கள் களைத்துப் போனதை ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். அவர் களைத்திருப்பாரா என்று ஒரு வார்த்தை இல்லை.

ஊருக்கு உழைப்பது கடமை என்பதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. வீட்டுக்குள்ளேயே சுருண்டு கிடக்கும் குடும்பத்தின் மேல் எனக்குப் பெரிய மதிப்பும் இல்லை. ஆனால் நீங்கள் தானம் செய்யலாம் என்றால் அது உங்கள் தூக்கத்தை மட்டும்தான். மனைவியின் தூக்கத்தை எடுத்து ஊருக்குக் கொடுத்துவிட்டு அதையும் உங்கள் சேவைக் கணக்கில் எழுதிக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. இது கொஞ்சம் கடுமையாக இருக்கும். இருக்கட்டும்.

அதே வாக்கியம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறது. பொறுப்பாகச் செய்ய ஆள் இல்லை என்கிறீர்கள். யாரும் கற்றுக்கொடுக்காமலே உங்கள் வீட்டில் ஒருவர் எட்டு வருடமாக ஓர் அழைப்பைக்கூடத் தவறவிடாமல் செய்துவருகிறார். ஆக, இது பிறரால் முடியாத வேலை இல்லை. 400 பேர் ரத்தமே கொடுக்க முன்வருகிறார்கள். அவர்களில் ஆறு பேர் வாரத்தில் ஒரு ராத்திரி போன் எடுக்க மாட்டார்களா? நீங்கள் கேட்டதில்லை. பட்டியல் உங்கள் போனை விட்டு வெளியே போவதில் உங்களுக்கு விருப்பம் இல்லை என்றே நினைக்கிறேன். எட்டு வருடம் கட்டிக் காத்ததைக் கைமாற்றுவது வலிக்கத்தான் செய்யும். ஆனால் நாளைக்கு நீங்கள் காய்ச்சலில் படுத்தால் அந்த 400 பேரும் யாருக்கும் பயன்படாமல் போவார்கள். அது சேவைக்கு நல்லதா?

கடைசியாகக் கொடுத்த தேதியை எதற்குக் குறித்து வைக்கிறீர்கள்? ஆண் என்றால் 90 நாள், பெண் என்றால் 120 நாள் கழித்துத்தான் மறுபடி ரத்தம் கொடுக்கலாம் என்பது விதி. எவ்வளவு அவசரமானாலும் அதற்கு முன்னால் அவர்களை அழைக்க மாட்டீர்கள். உடம்பு மீண்டு வர நாள் வேண்டும் என்று அவர்கள் விஷயத்தில் ஒப்புக்கொள்கிற நீங்கள், உங்களுக்கும் மனைவிக்கும் ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை.

ராத்திரி அழைப்புகளுக்கு வருவோம். உங்களுக்கே தெரியும், வெளியிலிருந்து வருபவரின் ரத்தத்தை எடுத்தவுடன் நோயாளிக்கு ஏற்றுவதில்லை. எச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா என்று பரிசோதனை முடிய வேண்டும். அவசரத்துக்குப் போவது பெரும்பாலும் வங்கியில் ஏற்கெனவே இருக்கும் ரத்தம். நீங்கள் அனுப்பும் ஆள் பல நேரம் அந்த இருப்பை ஈடுகட்டத்தான் போகிறார். அதனால் அழைப்பவரிடம் ‘எப்போது தேவை? ரத்த வங்கியில் இருப்பு இல்லை என்று சொன்னார்களா?’ என்று முதலில் கேளுங்கள். மறுநாள் அறுவை சிகிச்சைக்கு என்றால் காலை ஆறு மணிக்குக் கொடையாளரைக் கூப்பிட்டால் போதும். இ-ரக்தகோஷ் என்ற அரசு இணையதளத்தில் பக்கத்து ரத்த வங்கிகளின் இருப்பையும் பார்க்கலாம். பிரசவத்தில் ரத்தப்போக்கு, அரிதான குரூப், டெங்கு காலத்தில் தட்டணு (பிளேட்லெட்) என்று உண்மையாகவே பொறுக்க முடியாதவை இருக்கின்றன. தட்டணுவை ஐந்து நாளுக்கு மேல் வைத்திருக்கவும் முடியாது. அவற்றுக்குத்தான் ராத்திரி முறை ஆள்.

எரிச்சலும் கோபமும் உங்கள் குணக்கேடு இல்லை. நியூயார்க்கில் ஓர் இலவச மருத்துவமனையில் தொண்டு செய்துவந்த உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர், 1974இலேயே இதே அறிகுறிகளை எழுதிவைத்தார். ஈடுபாடு மிகுந்தவர்களே முதலில் தேய்ந்துபோகிறார்கள் என்றார். ஆனால் காரணம் தெரிந்த பிறகும் அப்படியே விட்டால் அது உங்கள் தவறு. அந்தப் பையனைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேளுங்கள். அப்பாவோ அம்மாவோ ஆஸ்பத்திரியில் கிடக்க, வார்டு வாசலில் நின்றுகொண்டு உங்களிடம் பேசியவன் அவன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஆறேழு பேரை வீட்டுக்கு அழையுங்கள். பட்டியலை அவர்களோடு பகிருங்கள்; கொடையாளர்களிடம் அதற்கு அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள். குழுவுக்குத் தனி எண் வாங்கி, முறை வைத்துச் சுற்றவிடுங்கள். உங்கள் முறை இல்லாத ராத்திரியில் உங்கள் போன் அணைந்திருக்க வேண்டும். அவர்கள் தவறு செய்வார்கள், செய்யட்டும். நீங்களும் முதல் வருடம் செய்திருப்பீர்கள்.

அதற்கு முன்னால் மனைவியிடம் பேசுங்கள். இதில் இருக்க விருப்பமா என்று கேளுங்கள். இருக்கிறேன் என்றால் அவர் பெயரையும் முறைப் பட்டியலில் எழுதுங்கள், அவருக்கும் விடுமுறை ராத்திரிகள் உண்டு. வேண்டாம் என்றால் காரணம் கேட்காதீர்கள், ஒரு மாதம் கழித்து வேறு வார்த்தையில் மறுபடி கேட்கவும் கேட்காதீர்கள்.