வீட்டுப் பத்திரத்தைத் திரும்ப பீரோவில் வையுங்கள், சார்

பெண்ணுக்குக் கணக்கில் நல்ல மார்க், ஆனால் கட்ஆஃப் கொஞ்சம் இடிக்கிறது, அதனால் பெரம்பூர் வீட்டை அடமானம் வைத்து மேனேஜ்மென்ட் கோட்டாவில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவள் கேட்பதோ ஆக்சுவரியல் சயின்ஸ். உங்கள் மச்சான் "அது பாலிசி பிடிக்கிற வேலை" என்கிறாராம்.

வேண்டாம், சார். அவள் கேட்காத படிப்புக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்காதீர்கள்.

பாலிசி விற்பவர் ஏஜென்ட். அந்தப் பாலிசிக்கு எவ்வளவு பிரீமியம் வாங்கலாம், இன்னும் வந்து சேராத கிளெய்ம்களுக்கு இன்றைக்கே எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணக்குப் போடுபவர்தான் ஆக்சுவரி. நியமன ஆக்சுவரி இல்லாமல் இங்கே எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் நடத்த முடியாது, விதி அப்படி. யுனைடெட் இந்தியா, ஸ்டார் ஹெல்த், ராயல் சுந்தரம், சோழமண்டலம் எம்.எஸ். எல்லாவற்றுக்கும் தலைமையகம் சென்னையில்தான். இன்சூரன்ஸே வேண்டாம் என்றாலும், கம்பெனிகள் ஊழியர்களுக்குத் தர வேண்டிய கிராஜுவிட்டியை மதிப்பிடவும் இவர்கள் வேண்டும்.

இதில் பட்டத்தின் பெயரை விட பேப்பர்தான் முக்கியம். இன்ஸ்டிடியூட் ஆஃப் ஆக்சுவரீஸ் ஆஃப் இந்தியா நடத்தும் 13 பேப்பர்கள். உள்ளே போக ஏ.சி.இ.டி. என்ற நுழைவுத் தேர்வு, பிளஸ் டூ முடித்தவர்களே எழுதலாம். அதனால் 'ஆக்சுவரியல்' என்று போர்டு வைத்து லட்சக்கணக்கில் கேட்கும் இடத்துக்கும் போகாதீர்கள், அங்கே படித்தாலும் ஃபெல்லோ, அதாவது முழுத் தகுதி பெற்ற ஆக்சுவரி, ஆக இன்ஸ்டிடியூட் தேர்வுகளை எழுதித்தான் ஆக வேண்டும். பிரசிடென்சி, லயோலா, எம்.சி.சி. (மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்) மாதிரி இடத்தில் பி.எஸ்ஸி. ஸ்டாட்டிஸ்டிக்ஸ் சேரட்டும், கூடவே சி.எஸ்.1 (புள்ளியியல்), சி.எம்.1 (ஆக்சுவரியல் கணிதம்) என்று ஒவ்வொரு பேப்பராக எழுதட்டும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருள், எக்ஸெல் இரண்டும் தேர்விலேயே வரும், இப்போதே தொட்டுப் பார்ப்பது நல்லது. அப்புறம் மேலே படிக்க நினைத்தால் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்திலேயே எம்.எஸ்ஸி. ஆக்சுவரியல் சயின்ஸ் இருக்கிறது.

சுலபம் என்று சொல்ல மாட்டேன். நன்றாகப் படிப்பவர்களே ஒரு பேப்பரில் இரண்டு மூன்று தடவை தவறுவது சாதாரணம், பதின்மூன்றையும் முடிக்கப் பல வருடம் ஆகும். நல்ல வேளையாக, நாலைந்து பேப்பர் முடித்ததுமே வேலை தேடலாம், மிச்சத்தை வேலையில் இருந்துகொண்டே எழுதுவார்கள். ஐ.டி. அளவுக்கு இங்கே இடங்கள் கிடையாது. இதையெல்லாம் அவளிடமும் சொல்லுங்கள்.

இன்ஸ்டிடியூட் தளத்தில் சி.எஸ்.1 சிலபஸ் இலவசமாகக் கிடைக்கும், அதை அவளே ஒரு வாரம் புரட்டட்டும். நிகழ்தகவு அலுத்துவிட்டது என்றால் இதையும் விட்டுவிடுங்கள், நான் வற்புறுத்த மாட்டேன். ரசிக்கிறாள் என்றால் தாமதிக்காமல் விண்ணப்பியுங்கள்: பிரசிடென்சிக்கு அரசுக் கல்லூரிகளின் பொது இணையதளம், மற்ற இரண்டுக்கும் தனித்தனி விண்ணப்பம்.