வசனத்தில் இருப்பது எது, நாம் சேர்த்துக்கொண்டது எது? கேள்வி பதில்

வசனங்களை 1871-இல் வெளிவந்த, ஹென்றி பவர் தலைமையில் செய்யப்பட்ட தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பிலிருந்து, அதாவது நம் வீடுகளில் இருக்கும் பழைய திருப்புதலிலிருந்து எடுத்திருக்கிறேன். பதில்களை வாசிக்கும்போது வேதாகமம் பக்கத்தில் திறந்திருக்கட்டும்.

கேள்வி: ஐயா, சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்ததை இப்போது சந்தேகிப்பது பாவமா? "வேதத்துக்குச் சுயமாக அர்த்தம் சொல்லக்கூடாது, 2 பேதுரு 1:20" என்று எங்கள் போதகர் சொல்கிறார்.

பதில்: பெரோயா பட்டணத்தார் பவுல் சொன்னதையே "காரியங்கள் இப்படியிருக்கிறதா" என்று தினமும் வேதத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களைக் கண்டிக்கவில்லை, நற்குணசாலிகள் என்கிறது. அப்போஸ்தலனின் பிரசங்கத்தையே சோதித்துப் பார்க்கலாமென்றால் நம் ஊர்ப் பிரசங்கத்தையும் சோதிக்கலாம்.

2 பேதுரு 1:20-ஐ 21-ஆம் வசனத்தோடு சேர்த்து வாசியுங்கள். தீர்க்கதரிசனம் மனுஷ சித்தத்தால் உண்டாகவில்லை என்பதுதான் அங்கே பேச்சு. பவர் போட்டிருக்கும் "சுயதோற்றமான" என்ற சொல்லும் அந்தப் பக்கமே சாய்கிறது. மூலமான கிரேக்க வாக்கியத்தை, விளக்கம் சொல்வதைப் பற்றியது என்று எடுப்பவர்களும் உண்டு. கத்தோலிக்கத் திருச்சபை அப்படித்தான் வாசித்து வருகிறது. எப்படி எடுத்தாலும், கேள்வி கேட்காதே என்று அந்த வசனத்தில் இல்லை. ஆனால் அதே நிருபம் 3:16-இல், பவுலின் நிருபங்களைப் புரட்டுகிறவர்கள் இருக்கிறார்கள் என்கிறது. எனக்குத் தோன்றியதெல்லாம் அர்த்தம் என்று யாரும் சொல்ல முடியாது.

கேள்வி: புதுவருஷ ஆராதனையில், அந்த வருஷத்துக்கான வசனம் என்று எனக்கு வந்த வாக்குத்தத்த அட்டை எரேமியா 29:11: உங்கள்மேல் நான் கொண்டிருக்கும் நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கே என்பது. அந்த வருஷமே வேலை போனது. கர்த்தர் சொன்னது பொய்யா அண்ணா?

பதில்: இல்லை தம்பி. அட்டையில் அந்த ஒரு வசனம் மட்டும் இருந்ததுதான் கோளாறு. 29-ஆம் அதிகாரம் பாபிலோனுக்குச் சிறையாகப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்பவன் இரண்டு வருஷத்தில் எல்லாம் திரும்பிவிடும் என்று தீர்க்கதரிசனம் சொன்னான். கேட்க இனிமையாக இருந்தது, ஆனால் பொய். எரேமியாவோ வீடு கட்டுங்கள், தோட்டம் நாட்டுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்யுங்கள் என்கிறான் (5, 6). 10-ஆம் வசனத்தில் கெடு: எழுபது வருஷம். அதற்கு அடுத்ததுதான் உங்கள் அட்டை வசனம். கடிதத்தைக் கையில் வாங்கின பெரியவர்களில் அநேகர் ஊர் திரும்பாமலே இறந்திருப்பார்கள்.

அங்கே வரும் "நீங்கள்" ஒரு ஜனக்கூட்டம். தூரதேசத்தில் கிடக்கிற தம் ஜனத்தைத் தேவன் மறக்கவில்லை என்பதை நீங்கள் தாராளமாகப் பிடித்துக்கொள்ளலாம். இந்த டிசம்பருக்குள் இன்ன வேலை என்பதை அதிலிருந்து எடுக்க முடியாது. அப்படி எடுத்துக் கொடுத்தவர்களால் விசுவாசத்தையே விட்டுப்போனவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீட்டிச் சொல்கிறேன்.

கேள்வி: ஞானஸ்நானத்துக்கு முன் கம்மல், தாலி எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். 1 பேதுரு 3:3-இல் அப்படித்தானே இருக்கிறது?

பதில்: சகோதரி, அந்த வசனத்தை விரல் வைத்து வாசியுங்கள். மூன்று காரியம் இருக்கிறது: மயிரைப் பின்னுதல், பொன்னாபரணம் அணிதல், உயர்ந்த வஸ்திரம் உடுத்துதல். பொன்னை விலக்கும் சபையில் பின்னல் போடாத பெண்கள் எத்தனை பேர்? ஒரே வாக்கியத்தில் ஒன்றைச் சட்டமாக்கி மற்றதை விட்டுவிடுகிறோம்.

இன்னொன்று. கிரேக்கத்தில் இந்த இடத்தில் "உயர்ந்த" என்ற சொல் கிடையாது, "வஸ்திரங்களை உடுத்துதல்" என்று மட்டுமே இருக்கிறது. 1 தீமோத்தேயு 2:9 விலையேறப்பெற்ற வஸ்திரம் என்றே சொல்வதால், மொழிபெயர்த்தவர்கள் சேர்த்தது நியாயம்தான். ஆனால் ஏன் சேர்க்க வேண்டிவந்தது என்று யோசியுங்கள். முழுத் தடை என்று வாசித்தால் உடையே உடுத்தக்கூடாது என்றாகிவிடும். பேதுருவின் அழுத்தம் 4-ஆம் வசனத்தில், "சாந்தமும் அமைதலுமுள்ள" ஆவியின்மேல் இருக்கிறது. எசேக்கியேல் 16:11, 12-இல் தேவனே எருசலேமுக்குக் கடகமும் காதணியும் பூட்டுவதாக உவமை வருகிறது.

எளிமைக்காக நகையைக் கழற்றி வைப்பது நல்ல தீர்மானம், மதிக்கிறேன். சபை ஒழுங்கு என்று சொன்னால் அதற்கும் கட்டுப்படலாம். இரட்சிப்புக்கு நிபந்தனை என்று சொல்ல வசனம் இடம் தரவில்லை.

கேள்வி: தசமபாகம், அதாவது பத்தில் ஒரு பங்கு காணிக்கை, சம்பளத்தில் மொத்தத்துக்கா, கையில் வருவதற்கா?

பதில்: இந்தக் கணக்கு வேதத்தில் இல்லை. நியாயப்பிரமாணத்தில் தசமபாகம் நிலத்தின் விளைச்சலுக்கும் ஆடுமாடுகளுக்கும் உரியது. எண்ணாகமம் 18-இல் அது நிலச்சுதந்தரம் இல்லாத லேவியருக்குப் போகிறது. உபாகமம் 14:22-29-ஐ மேடையில் வாசித்து அநேகர் கேட்டிருக்கமாட்டீர்கள். கொடுப்பவனும் குடும்பமும் கர்த்தருடைய சந்நிதியில் அதைப் புசித்துச் சந்தோஷப்பட வேண்டும். மூன்றாம் வருஷத்தில் லேவியன், பரதேசி, திக்கற்ற பிள்ளை, விதவை ஆகியோருக்கு ஊருக்குள்ளேயே வைக்க வேண்டும். சபைகளுக்குப் பவுல் எழுதியது 2 கொரிந்தியர் 9:7: "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல". பத்தில் ஒன்றை அளவாக வைத்துக்கொள்வது உங்கள் விருப்பம். கடன் வாங்கிக் கட்டாதீர்கள்.

கேள்வி: புதிய தமிழ் மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தில் 1 யோவான் 5:7 வெட்டப்பட்டிருக்கிறதே! பிதா, வார்த்தை, பரிசுத்த ஆவி மூவரும் ஒன்று என்ற வரி எங்கே?

பதில்: யாரும் வெட்டவில்லை. பழைய கிரேக்கப் பிரதிகளில் அந்த வரி இல்லை, லத்தீன் வழியாக உள்ளே வந்தது. டச்சு அறிஞர் எராஸ்மஸ் 1516-இல் அச்சிட்ட கிரேக்கப் பதிப்பில் அதைப் போடவில்லை, எதிர்ப்பு கிளம்பியபின் 1522 பதிப்பில் சேர்த்தார். பிற்கால மொழிபெயர்ப்புகள் பலவும் அந்தவழிப் பாடத்தைப் பின்பற்றின. திரித்துவம் இந்த ஒரு வரியில் தொங்கவில்லை. மத்தேயு 28:19 அப்படியே இருக்கிறது.

கேள்வி: "அந்நியரோடு சம்பந்தம் கலக்காதே" என்று உபாகமம் 7:3-ஐக் காட்டி, வேறு சாதிக் கிறிஸ்தவப் பையனை வீட்டில் மறுக்கிறார்கள்.

பதில்: 4-ஆம் வசனத்தில் காரணம் எழுதியிருக்கிறது: அந்நிய தேவர்களைச் சேவிக்கும்படி விலக்குவார்கள் என்பது. அங்கே கேள்வி ஆராதனையைப் பற்றியது. மோவாபியப் பெண் ரூத்தும் கானானியப் பெண் ராகாபும் மத்தேயு 1:5-இல் இயேசுவின் வம்சவரிசையிலேயே வருகிறார்கள். ஒரே பந்தியில் இராப்போஜனம் எடுப்பவர்களுக்குள் அந்த வசனத்தைச் சாதிக்குக் காவல் வைப்பது வேதத்தைப் புரட்டுவது. இதில் எனக்குத் தயக்கமே இல்லை.

கேள்வி: மூன்று ராஜாக்கள்?

பதில்: மத்தேயு 2-இல் "சாஸ்திரிகள்" என்றுதான் இருக்கிறது. காணிக்கை மூன்று வகை, ஆட்களின் எண்ணிக்கை இல்லை. பிள்ளையைக் கண்டது வீட்டில் (2:11). குடிலில் மூன்று பொம்மை வைப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை.

கேள்வி: தனியாக வாசிக்க எங்கே ஆரம்பிப்பது? தப்பாகப் புரிந்துகொள்வேனோ என்று பயம்.

பதில்: பிலிப்பியர் எடுங்கள், நாலே அதிகாரம். ஒரே அமர்வில் சத்தமாக, மூன்று நாள் மூன்று தடவை வாசியுங்கள். இடைத் தலைப்புகளையும் அதிகாரப் பிரிவுகளையும் கண்டுகொள்ளாதீர்கள். புதிய ஏற்பாட்டில் இப்போதுள்ள வசன எண்கள் 1551-இல் வந்தவை. நோட்டில் நடுவே கோடு போட்டு, ஒருபக்கம் வசனத்தில் இருப்பதையும் மறுபக்கம் நீங்கள் கேட்டு வளர்ந்ததையும் எழுதுங்கள். "ஆகையால்", "ஏனெனில்" வரும் இடமெல்லாம் அடிக்கோடு. பிறகு திருவிவிலியத்தோடு ஒப்பிடுங்கள். விளக்கவுரை கடைசியில்தான், முதலில் திறந்தால் அதை எழுதியவர் கண்ணால்தான் வாசிப்பீர்கள்.

வழக்கமாகத் தவறு நேர்வது, தமிழ்ச் சொல்லை மட்டும் வைத்து ஒத்தவாக்கியம், அதாவது அதே சொல் வரும் வேறு வசனம், தேடும்போது. பிலிப்பியர் 1:1-இல் "உதவிக்காரர்" என்பதும் ரோமர் 16:1-இல் பெபேயாளை "ஊழியக்காரி" என்பதும் கிரேக்கத்தில் ஒரே சொல், தியாகொனொஸ். தமிழில் தேடினால் இரண்டும் சந்திக்கவே சந்திக்காது. பெண்கள் சபைப் பொறுப்பில் இருந்தார்களா என்று கேட்பவர்கள் அந்த இரண்டு வசனத்தையும் நோட்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவைத்துத் தொடங்குங்கள்.