நந்தியாவட்டையில் நீலக்கண் புழு

கேள்வி: எங்கள் வளவில் நிற்கும் நந்தியாவட்டையில் விரல் தடிமனுக்குப் பச்சைப் புழுக்கள். தொட்டால் தலையை உள்ளிழுத்து இரண்டு நீலக் கண்ணைக் காட்டுகின்றன. மருந்து அடிக்கலாமா? என் மகன் வளர்த்துப் பார்க்கணும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறான்.
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: மருந்து வேண்டாம். இது அரளி அந்துப்பூச்சியின் புழு. கொட்டாது, சுணையும் கிடையாது. நீலமாகத் தெரிவது கண்ணே அல்ல, முதுகுத் தோலில் உள்ள வட்டம், குருவியை மிரட்டத்தான். செடி மொட்டையானாலும் மறுபடி தழைத்துவிடும்.

வளர்ப்பதற்கு அகலமான பிளாஸ்டிக் வாளி போதும். அடியில் மூன்று விரல் உயரத்துக்கு லேசான ஈரமண், மேலே காய்ந்த சருகு. நந்தியாவட்டைக் கொப்பை ஒரு சின்ன பாட்டில் தண்ணீரில் செருகி, பாட்டில் வாயைப் பஞ்சால் அடையுங்கள். அடைக்காவிட்டால் புழு கொப்பு வழியே இறங்கித் தண்ணீரில் மூழ்கிச் சாகும். வாளி வாயில் கொசுவலையை இறுக்கிக் கட்டுங்கள். ஒரு வாளிக்கு இரண்டு புழுவுக்கு மேல் வேண்டாம். எச்சத்தைத் தினமும் அள்ளாவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். அரளி இலையும் தின்னும், ஆனால் அதன் பால் விஷம். பிள்ளைகள் கையாள நந்தியாவட்டையே நல்லது. எதைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவட்டும்.

ஏழெட்டு சென்டிமீட்டர் வளர்ந்தபின் ஒருநாள் பச்சை மங்கிப் பழுப்பேறும், தின்பதை விட்டுவிட்டு வாளிக்குள் சுற்றிச் சுற்றி வரும். நோய் என்று பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கூட்டுப்புழுவாக இடம் தேடுகிறது. சருகுக்கடியில் லேசாக நூல் பின்னி அடங்கிவிடும். கிளறவே கூடாது. மண் காய்ந்தால் ஓரத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். நம் வெயிலுக்கு ஏறக்குறைய இரண்டு வாரத்தில் பூச்சி வெளிவரும். அதற்குள் சொரசொரப்பான குச்சி ஒன்றைச் சாய்த்து வையுங்கள். ஏறித் தொங்கினால்தான் இறக்கை விரியும்; பிடிமானம் இல்லையென்றால் சுருங்கியபடியே இறுகி, பறக்காமல் போகும். அந்தி மயங்கியதும் விட்டுவிடலாம்.

சில சமயம் பூச்சிக்குப் பதில் வெள்ளைப் புழுக்கள் வெளிவரும். வெளியே இருந்தபோதே ஒட்டுண்ணி ஈ முட்டையிட்டுப் போயிருக்கும், உங்கள் வளர்ப்பில் குறையில்லை. இதைத் தவிர்க்க நினைத்தால் பெரிய புழுவை எடுக்காமல், வாலில் நீளக் கறுப்புக் கொம்புள்ள சின்னப் புழுவாகப் பார்த்து எடுங்கள்.

கேள்வி: ஜெர்மனியில் இருக்கும் மகள் அனுப்பிய படத்திலும் இதே பச்சை அரளி அந்துப்பூச்சி. அங்கேயும் உண்டா?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: வந்துபோகும், குடியிருப்பதில்லை. ஆப்பிரிக்காவும் தெற்கு ஆசியாவும்தான் அதன் சொந்த நாடு. கோடையில் சில பூச்சிகள் மத்தியதரைக் கடல் தாண்டி ஆல்ப்ஸ் மலைக்கு வடக்கேயும் போய், தொட்டி அரளியில் முட்டையிடும். அங்குள்ள குளிர்காலத்தைத் தாங்காது.

கேள்வி: முருங்கை அடிமரம் முழுக்கக் கம்பளிப்பூச்சி. அதையும் விட்டுவிடலாமா?
– விவசாயி, திசையன்விளை

பதில்: கூடவே கூடாது. இது கும்பலாகத் தின்கிற ஜாதி. இலையோடு பட்டையையும் சுரண்டும். மரத்தில் மொத்தமாக அப்பிக்கிடக்கும்போதே கையுறை போட்டுத் துடைப்பத்தால் வழித்து, சோப்புத் தண்ணீரில் தள்ளுங்கள். தீப்பந்தம் காட்டுவதானால் ஒரு வீச்சோடு எடுத்துவிடுங்கள், முருங்கைப் பட்டை சீக்கிரம் வெந்துவிடும். இளம்புழுவுக்கு மீன் எண்ணெய் ரோசின் சோப்பு என்ற பூச்சிமருந்தைக் கரைத்துத் தெளியுங்கள்: லிட்டர் தண்ணீருக்கு 25 கிராம், அதாவது 10 லிட்டர் டேங்குக்குக் கால் கிலோ. முற்றிய புழுவுக்கு இது கேட்காது. கூட்டுப்புழு மண்ணுக்குள் இருப்பதால் மரத்தடியைக் கொத்திவிட்டால் காக்காயும் மைனாவும் பொறுக்கிவிடும்.

மழை பெய்தவுடன் ஹெக்டேருக்கு ஒரு விளக்குப் பொறி வைத்தால், தாய்ப்பூச்சி வெளிச்சத்துக்கு வந்து விளக்கின் கீழே உள்ள தண்ணீரில் விழுந்து மாட்டும். பூச்சி வரத்து நின்றதும் விளக்கை அணைத்துவிடுங்கள். மேலே சொன்ன அரளிப் பூச்சியும் வெளிச்சத்துக்கு வந்து அதே தண்ணீரில் விழும்.