ஜிம்மில் விழுந்தது சரி, மைதானத்தில் ஏன் விழுந்தீர்கள்?

கேள்வி: எனக்கு 23 வயது. காவலர் தேர்வுக்குத் தயாராகிறேன், உடற்திறன் தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. பத்து நாள் முன்பு எங்கள் ஊர் முகாமில் ரத்த தானம் செய்தேன். அன்று மாலையே ஜிம்முக்குப் போனேன். ஸ்குவாட் முடித்து நின்றதும் வியர்த்து, கண் இருட்டி விழுந்துவிட்டேன். அதிலிருந்து 1500 மீட்டர் ஓட 25 விநாடி கூடுதலாக ஆகிறது. ஊசி குத்திய இடம் பச்சையும் மஞ்சளுமாகக் கிடக்கிறது. மெடிக்கலில் கேட்டு ரத்த விருத்தி மாத்திரை தினம் மூன்று போடுகிறேன், மலம் கறுப்பாகப் போகிறது. ரத்தம் கொடுத்தால் பழைய ஸ்டாமினா திரும்பாது என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். சித்திரை வெயிலில் ஓடிக்கொண்டிருந்தபோதும் ஒருமுறை திடீரென்று விழுந்திருக்கிறேன். என் உடம்பு பலவீனமாகிவிட்டதா டாக்டர்?

பதில்: ஸ்டாமினா திரும்பும் தம்பி. யூடியூப்காரருக்கு வியூஸ் வேண்டும், உங்களுக்கு வேலை வேண்டும். அவரை விடுங்கள்.

முகாமில் எடுத்தது 350 மில்லி, மிஞ்சிப்போனால் 450. உடம்பில் இருப்பது ஏறக்குறைய ஐந்து லிட்டர். போனதில் நீர்ப்பகுதி ஒன்றிரண்டு நாளிலேயே நிரம்பிவிடும். சிவப்பணுக்கள்தான் மெதுவாக வரும், அதற்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். ஆக்சிஜன் சுமக்கும் கூலியாட்களில் சிலர் இப்போது லீவில் இருக்கிறார்கள், 25 விநாடி அங்கேதான் போயிற்று. மூன்று நான்கு வாரத்தில் அதில் பெரும்பகுதி திரும்பிவிடும். தேர்வில் 1500 மீட்டருக்கு ஏழு நிமிடம் தருகிறார்கள். உங்கள் பழைய நேரம் என்னவென்று எழுதவில்லை, ஆனால் அதற்கு உள்ளே ஓடுகிறவராகத்தான் இருப்பீர்கள்.

ஜிம்மில் விழுந்ததில் எனக்கு ஆச்சரியமே இல்லை. காலையில் ரத்தம் கொடுத்த உடம்பில் மாலைக்குள் நீர்கூட நிரம்பியிருக்காது. அந்த நிலையில் ஸ்குவாட் போட்டால் ரத்தமெல்லாம் தொடைத் தசைக்கு இறங்கும். போட்டு முடித்து அசையாமல் நின்றால் அதை மேலே தள்ளிவிட ஆளில்லை, மூளைக்குப் போவது குறைகிறது, ஆள் கீழே. முகாமில் பிஸ்கட்டும் ஜூஸும் கொடுத்துப் படுக்க வைக்கிறார்களே, அது உபசாரம் இல்லை. ஒரு முழு நாளாவது ஜிம், ஓட்டம், கிரிக்கெட் எதுவும் வேண்டாம். தண்ணீரும் மோரும் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் குடிக்க வேண்டும். குத்திய கையில் அன்று தண்ணீர்க் குடம்கூடத் தூக்கக் கூடாது. மறுநாள் நடை, பிறகு மெதுவோட்டம். முழு வேகத்தில் ஓடி ஸ்டாப்வாட்ச் பார்ப்பதை இரண்டு மூன்று வாரம் தள்ளிப்போடுங்கள்.

கண் இருட்டினால் நின்ற இடத்திலேயே படுத்துவிடுங்கள், வெட்கப்பட வேண்டாம். நம் ஊரில் விழுந்தவனை நாலு பேர் சேர்ந்து தூக்கி நிறுத்தி சோடா கொடுப்பார்கள். அவர் விழுந்ததே நின்றதால்தான். படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள், தெளிந்த பிறகு சோடா வாங்கிக்கொள்ளலாம்.

கையில் கன்றிய இடம்: தோலுக்கு அடியில் கசிந்த ரத்தம் கரைகிறது, அந்த நிறமெல்லாம் அதன் வழக்கம். விரல் மரத்துப்போகிறது, வீக்கம் பெரிதாகிறது என்றால் மட்டும் வந்து காட்டுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை: தினம் மூன்று எதற்கு? தானத்தில் இரும்புச்சத்து போனது உண்மைதான், சுமார் 200 மில்லிகிராம். ஆனால் குடல் ஒரு நாளைக்குக் கொஞ்சம்தான் உள்ளே விடும், மிச்சம்தான் கறுப்பாகப் போகிறது. நிறுத்திவிட்டு ஹீமோகுளோபின் பாருங்கள், தேவையென்றால் ஒன்று போதும், அதையும் டீயோடு விழுங்காதீர்கள். நிறுத்தி நாலைந்து நாளுக்குப் பிறகும் கறுப்பாகவே போனால் அது வேறு கதை, அப்போது உடனே பார்க்க வேண்டும்.

இப்போது நீங்கள் போகிறபோக்கில் எழுதிய வரிக்கு வருகிறேன். சித்திரையில் விழுந்தது ரத்தம் கொடுப்பதற்கு முன்னால். அதை ரத்த தானத்தின் கணக்கில் எழுத முடியாது. வெயில் என்று நீங்களே தீர்ப்புச் சொல்லி ஃபைலை மூடிவிட்டீர்கள்.

ஜிம்மில் வியர்த்தது, கண் இருட்டியது, பிறகுதான் விழுந்தீர்கள். அதுவும் பயிற்சியை நிறுத்தி நின்ற பிறகு. இந்த மயக்கம் சொல்லிவிட்டு வரும், பெரும்பாலும் ஆபத்தில்லாதது. மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் விழுந்தேன் என்கிறீர்கள். அப்படி விழுந்த இளைஞரை இதயத்தில் கோளாறில்லை என்று நிரூபிக்கும் வரை நாங்கள் விடமாட்டோம். இதயத் தசை பிறவியிலேயே தடித்திருக்கலாம், மின்னோட்டத்தில் கோளாறு இருக்கலாம். இவர்கள் பார்க்க ஆரோக்கியமாகத்தான் இருப்பார்கள், நன்றாக ஓடவும் செய்வார்கள். உங்களுக்கு அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை, நிஜமாகவே வெயிலாகவும் இருக்கலாம். ஆனால் அதைக் கடிதத்தைப் படித்துச் சொல்ல முடியாது.

அதனால் பரிசோதனை முடியும் வரை ஓடாதீர்கள். இந்த வாரத்துக்குள் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய், ‘ஓடும்போது மயங்கி விழுந்தேன்’ என்று இதே வார்த்தைகளில் சொல்லுங்கள். ‘உடம்பு வீக்கா இருக்கு’ என்றால் டானிக்தான் கிடைக்கும். இசிஜியும், இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவும் எடுப்பார்கள். நீங்கள் விழுந்ததைப் பார்த்த நண்பரைக் கூட்டிப்போங்கள், எவ்வளவு நேரம் நினைவில்லை, கை கால் இழுத்ததா என்பது உங்களைவிட அவருக்குத்தான் தெரியும். கிளம்பும் முன் அம்மாவிடம் ஒன்று கேளுங்கள்: இரண்டு பக்கச் சொந்தத்திலும் நாற்பது வயதுக்குள் தூக்கத்திலோ வேலை செய்யும்போதோ திடீரென்று போனவர்கள் உண்டா? ‘மாரடைப்பு’ என்று சொல்லி விட்டிருப்பார்கள், கிணற்றில் மூழ்கினார் என்றுகூட இருக்கும். அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால், தயாராவதற்கு உங்களுக்கு இன்னும் நான்கு வாரம் இருக்கும்.