பூனை டாக்டர் பதில்கள்: கம்பியை அறுத்தாச்சு, அப்புறம்?

கேள்வி: பக்கத்துத் தோட்டத்தில் முயலுக்கும் பன்றிக்கும் சுருக்குக் கம்பி வைக்கிறார்கள். இரண்டு நாள் காணாமல்போன எங்கள் பூனை, இடுப்பில் கம்பி இறுகியபடி வீடு வந்து சேர்ந்தது. கட்டிங் பிளேயரால் அறுத்து எடுத்துவிட்டோம். ரத்தம் இல்லை. சாப்பிடுகிறது, மடியில் வந்து படுக்கிறது. டாக்டரிடம் காட்டத்தான் வேண்டுமா? இனி எப்படிக் காப்பது?

பதில்: காட்டத்தான் வேண்டும், இன்றைக்கே. ரத்தம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் எனக்குக் கவலை. சுருக்கு அறுப்பதைவிட நெரிப்பதே அதிகம். இறுகிய இடத்தில் தோலுக்கும் சதைக்கும் ரத்த ஓட்டம் நின்றுபோயிருக்கும். கம்பியை எடுத்த கையோடு பார்த்தால் ரோமத்தில் ஒரு மடிப்புதான் தெரியும். அடியில் செத்த தோல் கறுத்து, விறைத்து, உரிந்து வரச் சில நாள் ஆகும். அதுவரை பூனை சாப்பிடும், தூங்கும், வீட்டில் எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள். நாற்றம் அடித்த பிறகுதான் தூக்கிக்கொண்டு ஓடி வருவார்கள்.

மடியில் படுத்து ‘குர்ர்’ என்கிறதா? அதையும் நம்பாதீர்கள். வலியிலும் பூனை அப்படிச் சத்தம் போடும். கால் எலும்பு முறிந்து என் மேசையில் கிடந்தபடியே குர்ர் குர்ர் என்றவை உண்டு.

கிளம்பும் முன் நல்ல வெளிச்சத்தில் உட்காருங்கள். ரோமத்தை வளர்ந்த திசைக்கு எதிராக விரலால் ஒதுக்கி, அந்தத் தடத்தைச் சுற்றிலும் பாருங்கள். அடிவயிற்றையும் தொடை இடுக்கையும் விட்டுவிடாதீர்கள். தோல் ஜில்லென்று இருக்கிறதா, ஊதா நிறமா, தொட்டால் சட்டென்று திரும்பிக் கடிக்க வருகிறதா? கம்பியை எடுத்த பிறகு சிறுநீர் போனதா என்பது எல்லாவற்றையும்விட முக்கியம். இடுப்பில் இறுகினால் உள்ளே மூத்திரப்பையும் அடிபட்டிருக்கலாம். வலிக்குமே என்று வீட்டிலிருக்கும் பாராசிட்டமாலை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அதை முறித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது. ஒரு மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

பக்கத்தில் கம்பி இருக்கும்வரை இது மறுபடியும் நடக்கலாம். சதைக்குள் இறங்கிய கம்பியை நீங்களே பிடுங்க வேண்டாம். முளையில் கட்டியிருக்கும் பக்கத்தை அறுத்து, சுருக்கோடு சேர்த்துத் தடித்த துண்டில் சுற்றி எடுத்துப் போங்கள். கழுத்தில் இறுகியிருந்தால் மட்டும் காத்திருக்க நேரமில்லை, அங்கேயே தளர்த்திவிட வேண்டும். மாட்டிக்கொண்ட பூனை, வளர்த்த கை என்றெல்லாம் பார்க்காது. கடித்துவிட்டால் சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள். வெளியே ஊசி குத்தின மாதிரிதான் தெரியும், கிருமி ஆழத்தில் இறங்கியிருக்கும். வெறிநோய்த் தடுப்பூசி பற்றியும் அவரிடமே கேளுங்கள்.

காப்பது பற்றி: பல நாடுகளில் சுருக்கு வைப்பதே குற்றம். ஆனால் நான் முதலில் புகார் கொடுக்கச் சொல்ல மாட்டேன். வேலியில் எந்த இடத்தில், எந்நேரம் வைக்கிறீர்கள் என்று தோட்டக்காரரிடம் நல்லபடியாகக் கேளுங்கள். பேச்சு எடுபடவில்லை என்றால் புகார் இருக்கவே இருக்கிறது. முயல் நடமாடும் அந்தியும் விடியலும்தான் பூனை வேட்டைக்குக் கிளம்பும் நேரமும். ஆகவே பெரிய சாப்பாட்டைப் பொழுது சாயும்போது வீட்டுக்குள் வைத்து, தின்றதும் கதவைச் சாத்திவிடுங்கள். கொஞ்ச நாளில் அந்த நேரத்துக்கு அதுவே வந்து நிற்கும். கடுவன் என்றால் கருத்தடையும் செய்துவிடுங்கள், ஊர் சுற்றுவது குறையும். கழுத்துப் பட்டை போடுவதாக இருந்தால், இழுத்தால் தானாகக் கழன்றுவிடும் வகையாகப் பாருங்கள்.

கேள்வி: பெருச்சாளிக்குக் கூண்டு வைத்தால் பக்கத்து வீட்டுப் பூனைதான் விழுகிறது. என்ன செய்ய?

பதில்: கருவாடு வைத்திருப்பீர்கள்! பழுத்த பழத்துண்டு வையுங்கள், பெருச்சாளிக்கு அது போதும், பூனை சீண்டாது. கூண்டு நிழலில் இருக்கட்டும், விடிந்ததும் முதல் வேலையாகப் போய்ப் பாருங்கள். வெயிலில் மாட்டிய பூனை சீக்கிரமே சுருண்டுவிடும். விழுந்திருந்தால் உள்ளே கையை விடாதீர்கள். கூண்டின் மேல் போர்வையைப் போடுங்கள், இருட்டானதும் அடங்கிவிடும். அப்புறம் பின்பக்கம் நின்று கதவைத் தூக்கினால் போதும், அதுவே ஓடிவிடும். காயம் தெரிந்தால் திறக்காமல் கூண்டோடு டாக்டரிடம் கொண்டுபோங்கள், உரியவர்களுக்கும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எலிக்கு வைத்த பசை அட்டை பூனையின் வாலில் ஒட்டிக்கொண்டது. மண்ணெண்ணெய் போடலாமா?

பதில்: கூடவே கூடாது. பெட்ரோலும் டர்பன்டைனும் அப்படித்தான். தோல் வெந்துபோகும், நக்கினால் உள்ளே விஷம். அட்டையைப் பிய்த்து இழுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். மிச்சப் பசையின் மேல் காகிதத்தை ஒட்டிவிட்டால் காலும் முகமும் மாட்டாது. பிறகு சமையல் எண்ணெயை ஒட்டிய விளிம்பில் ஊற்றி, விரலால் தேய்த்துத் தேய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கழற்றுங்கள். பசை போனதும் மிதமான சோப்பில் கழுவித் துடையுங்கள். எண்ணெய் கொஞ்சம் தங்கினால் நக்கட்டும், பரவாயில்லை. ஒருநாள் பேதி ஆகலாம், மலத்தொட்டியில் மணல் கூடுதலாகப் போட்டு வையுங்கள்.