கேரனின் டிரம்ஸ்

வணக்கம்.

ஒரு வாரமாக, அமெரிக்காவின் அண்ணன்-தங்கை இசை ஜோடியான கார்ப்பென்டர்ஸின் பாடல்களையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒரு குரல் வாய்த்த கேரன் கார்ப்பென்டர், ஏன் கடைசிவரை அண்ணன் ரிச்சர்டின் நிழலிலேயே இருந்துவிட்டார்? தனியாகப் பாடப் போயிருந்தால் ஒருவேளை பிழைத்திருப்பாரோ?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

அண்ணனை வில்லனாக்கிவிட்டால் கதை சுலபமாக முடிந்துவிடும். ஆனால் நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கும் அந்தக் கோரஸ் பெரும்பாலும் இவர்கள் இருவரின் குரல்தான். திரும்பத் திரும்பப் பாடிப் பதிவுசெய்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கியது. தங்கையின் கீழ்ஸ்தாயிக்கு இடம்விட்டு வாத்தியங்களை அமைத்தவரும் ரிச்சர்ட்தான். அவர் இல்லாமல் அந்தக் குரல் நம்மிடம் இப்படி வந்து சேர்ந்திருக்குமா, சந்தேகம்தான்.

கேரனிடமிருந்து பறிபோனது என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், டிரம்ஸ் என்பேன். கலிபோர்னியாவில் டவுனி பள்ளியின் பேண்டு குழுவில் முதலில் அவர் கையில் கொடுத்தது குளோக்கன்ஸ்பீல் என்ற, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கும் வாத்தியம். பிடிக்கவில்லை. டிரம்ஸ்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். பாட்டெல்லாம் அப்புறம் வந்தது. 1970-ல் அவர்களின் 'குளோஸ் டு யூ' பாட்டு நான்கு வாரம் அமெரிக்காவில் முதலிடத்தில் இருந்தது. அதன்பின் பாடுகிறவரின் முகம் தெரிய வேண்டும் என்று ஆகிவிட்டது. டிரம்ஸுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவரை மெல்ல மெல்ல மேடையின் முன்னால் கொண்டுவந்து, மைக்கோடு நிறுத்தினார்கள். எல்லார் கண்ணும் உடம்பின்மேல் விழும் இடம் அது. சாப்பாட்டை ஒதுக்கும் அனோரெக்சியா என்ற நோய் அவருக்கு வந்ததற்கு அதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். 17 வயதிலேயே டயட் தொடங்கியவர் அவர்.

தனியாகப் பாடவும் செய்தார், தெரியுமா? 1979-ல் தூக்க மாத்திரைப் பழக்கத்துக்கு ரிச்சர்ட் சிகிச்சை எடுத்தார். அந்த இடைவெளியில் நியூயார்க் போய் இசைத் தயாரிப்பாளர் ஃபில் ரமோனோடு ஒரு ஆல்பம் முழுக்கப் பதிவுசெய்தார் கேரன். ரிச்சர்டுக்கும் பிடிக்கவில்லை, ரெக்கார்டு கம்பெனிக்கும் பிடிக்கவில்லை. கிடப்பில் போட்டுவிட்டார்கள். இந்த இடத்தில் எனக்கும் அவர்கள்மேல் கோபம் உண்டு. ஆனால் அது வெளிவந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று நம்ப முடியவில்லை. அந்த நோய் அதற்குள் அவரைப் பிடித்துவிட்டிருந்தது. 1983 பிப்ரவரி 4 அன்று பெற்றோர் வீட்டில் மயங்கி விழுந்து, இதயம் நின்று இறந்தபோது வயது 32. ஆல்பம் 1996-ல்தான் வந்தது.

1976-ல் அவர்கள் செய்த டிவி சிறப்பு நிகழ்ச்சியில், மேடை முழுக்க டிரம்ஸ் பரப்பி வைத்திருப்பார்கள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு ஓடி ஓடி வாசிப்பார். பாட்டுகளைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு அதைத் தேடிப் பாருங்கள்.